எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன், அது போதாதா?

கேட்டவர் ஒரு சிறிய குழுவின் மேலாளர். பணியிடச் சமத்துவம், பன்மைத்துவம், பாகுபாடு பற்றி அலுவலகம் நடத்திய கட்டாயப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அவருடைய கேள்விகள் சுருக்கமாக: நான் யாரிடமும் சாதி, மதம், ஆண், பெண் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே விதிதான், அப்படியிருக்க நானும் பாகுபாடு காட்டக்கூடும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பன்மைத்துவம் என்று தனியாக ஒன்று எதற்கு? குழுவில் ஒருவர் வந்து "என்னை ஒதுக்குகிறீர்கள்" என்று சொன்னால் நான் என்ன செய்வது?

உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் மனசுக்கு நீங்கள் நினைக்கிற அளவு வேலை இல்லை. பாகுபாடு என்றதும் நாம் ஒரு வில்லனைக் கற்பனை செய்துகொள்கிறோம். வெறுப்போடு ஒருவரை விரட்டுகிற முதலாளி, கேவலமாகப் பேசுகிற அதிகாரி. அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அலுவலகங்களில் நடக்கும் பாகுபாட்டில் பெரும்பகுதி யாரும் யாரையும் வெறுக்காமலே நடந்துவிடுகிறது. யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது, புதிய வாடிக்கையாளரைப் பார்க்க யாரை அழைத்துப் போவது, யாருடைய தவறைப் "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்" என்று விடுவது, யாருடைய தவறை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வைப்பது. இந்த மாதிரிச் சின்னச் சின்ன முடிவுகளில்தான் அது குடியிருக்கிறது. ஆகவே "நான் பாகுபாடு பார்ப்பவனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்வதில் பயனில்லை, கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும். போன ஒரு வருடத்தில் எடுத்த முடிவுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள், அதில் ஏதாவது தெரியும்.

முதலில் உங்கள் "ஒரே விதி"யை எடுத்துக்கொள்கிறேன். சட்டம் மிகவும் சுவாரசியமாக வளர்ந்தது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் இருந்தது. அதன் ஓர் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஒரே ஒரு பிரிவில்தான் வேலை, கூலிப் பிரிவில். மற்றப் பிரிவுகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவரைவிடவும் இந்தப் பிரிவில் மிக அதிகம் வாங்கியவரின் சம்பளம் குறைவு. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் இதைத் தடை செய்தது. அந்தத் தடை நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றைக்கே நிறுவனம் தகுதி விதிகளை இன்னும் இறுக்கியது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு பொதுத் திறன் தேர்வுகளிலும் தேற வேண்டும், கூலிப் பிரிவிலிருந்து மாறவும் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். வெள்ளையர், கறுப்பர் எல்லோருக்கும் இதே விதி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். அதைவிட வேடிக்கை, இந்த விதிக்கு முன்பே சேர்ந்திருந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அதே பிரிவுகளில் நன்றாகவே வேலை பார்த்து வந்தார்கள். சான்றிதழுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனத்துக்குக் கெட்ட நோக்கம் இருந்தது என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. படிப்பு குறைந்த ஊழியர்கள் பள்ளிப் படிப்பை முடிக்க, கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனமே கொடுத்து வந்தது என்பதையும் தீர்ப்பில் குறிப்பிட்டது. ஆனால் சட்டம் நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. வேலைக்குத் தேவையில்லாத ஒரு நிபந்தனை ஒரு பிரிவினரை வெளியே நிறுத்துகிறது என்றால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தாலும் அது செல்லாது என்றது. மறைமுகப் பாகுபாடு என்று இன்று பல நாடுகளின் சட்டங்களில் இருக்கும் கருத்துக்கு இந்த வழக்குதான் பெரிய வேர்.

எனக்கு இன்னும் பிடித்த வழக்கு கனடாவுடையது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத் தீயணைப்புக் குழுவில் ஒரு பெண் வேலை பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு அரசு ஒரு புதிய உடற்தகுதிச் சோதனையைக் கொண்டுவந்தது. இரண்டரை கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவரால் 49.4 விநாடி பிந்தித்தான் முடிக்க முடிந்தது. வேலை போயிற்று. 1999-இல் கனடா உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீயணைப்பாளருக்கு உடல் வலு தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அது கேட்டது வேறு: அந்தக் குறிப்பிட்ட 11 நிமிடம் எங்கிருந்து வந்தது? அதற்குள் ஓட முடியாதவரால் தீயைப் பாதுகாப்பாக அணைக்க முடியாது என்பதற்கு என்ன ஆதாரம்? அரசிடம் ஆதாரம் இல்லை.

அந்தத் தீர்ப்பு வகுத்த சோதனையை நீங்கள் உங்கள் மேசையிலேயே செய்து பார்க்கலாம். இந்த விதிக்கும் வேலைக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறதா? இதை உண்மையிலேயே வேலைக்குத் தேவை என்று நம்பித்தான் வைத்தோமா? இதைத் தளர்த்தினாலோ மாற்றினாலோ தாங்க முடியாத கஷ்டம் வருமா, அல்லது கொஞ்சம் அசௌகரியம்தானா? இந்தக் கேள்விகளோடு வேலைக்கான விளம்பரத்தை ஒரு தடவை படியுங்கள். "இடைவெளியில்லாத பணி அனுபவம்" என்று போட்டிருந்தால், பிள்ளை பெற்று வளர்த்தவர்களும் நோயிலிருந்து மீண்டவர்களும் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்கள். "சரளமான ஆங்கிலம்" என்று போட்டிருந்தால், அந்த வேலையில் யாரோடு, எவ்வளவு ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முக்கியமான முடிவுகளெல்லாம் மாலை ஏழு மணிக்கு மேல் போடும் மீட்டிங்கிலோ, அதற்குப் பிறகு மதுக்கூடத்திலோ எடுக்கப்படுகிறது என்றால், அதுவும் எழுதாத ஒரு விதிதான். சில விதிகள் இந்தச் சோதனையில் தேறிவிடும். விமானிக்குப் பார்வைத் திறன் வேண்டும், அதில் விவாதம் இல்லை. பல விதிகளுக்கு "எப்போதும் இப்படித்தான்" என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காது.

சரி, விதி நியாயமானதாகவே இருக்கிறது, அப்போதாவது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதுமா? உடற்குறை உள்ளவர்கள் விஷயத்தில் போதாது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் நகராட்சியில் தெருக் கூட்டும் வேலையில் இருந்த ஒரு பெண், ஓர் அறுவை சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் நடக்க முடியாதவரானார். நகராட்சி அவரை மோசமாக நடத்தவில்லை. பயிற்சி கொடுத்தது, அலுவலக வேலைகளுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. ஆனால் அந்த வேலைகள் ஒரு படி மேலே இருந்ததால், எல்லோரையும் போலவே போட்டி நேர்காணலில் வென்றுதான் வர வேண்டும் என்றது. நூறுக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, கடைசியில் பணி நீக்கம். 2004-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அதுதான் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்தது, உடற்குறை உள்ளவருக்கு நியாயமான மாற்றங்கள் செய்வது முதலாளியின் கடமை, தேவைப்பட்டால் மற்றவர்களைவிடச் சாதகமாகவே நடத்த வேண்டியிருக்கும், நேர்காணல் இல்லாமலே அவரை வேறு பணிக்கு மாற்றுவதும் அதில் அடங்கும் என்று சொன்னது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நியாயமான வசதிகளை மறுப்பதையே பாகுபாட்டின் ஒரு வகை என்று வரையறுத்திருக்கிறது.

இங்கே மேலாளர்கள் உடனே பயப்படுவது செலவைப் பற்றி. பெரும்பாலும் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதாக இருக்காது. வேலை தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளுவது, பேச்சில் சொல்வதை எழுத்திலும் தருவது, பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்குப் புரியும் கோப்புகளாக அனுப்புவது. என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்காமல் நாமாக ஊகித்து, "பாவம், இவருக்குக் கஷ்டம்" என்று வேலையைக் குறைப்பதும் ஓரங்கட்டுவதுதான். பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்ணுக்கு வெளியூர்ப் பயணம் உள்ள வேலையை, அவரிடம் கேட்காமலே இன்னொருவருக்குக் கொடுப்பதும் இந்த ரகம். அக்கறையால் செய்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். பதவி உயர்வுக் கூட்டத்தில் "இவருக்கு வாடிக்கையாளர் அனுபவம் போதாது" என்று எழுதுபவரும் அவராகவே இருப்பார்.

நேரடிப் பாகுபாட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதன் அளவு. பொருளியல் அறிஞர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். தகுதிகள் ஒப்பிடக்கூடியவை, சிலவற்றில் வெள்ளையர் வைக்கும் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் வைக்கும் பெயர். வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது என்று 2004-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் இதே முறையில் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களைச் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒத்த தகுதி இருந்தும் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்புக்கான வாய்ப்பு குறைவாகவே இருந்தது. விண்ணப்பங்களை ஒதுக்கிய அந்த அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார்கள்: நான் எதுவும் பார்ப்பதில்லை.

சட்டம் எந்தெந்த அடையாளங்களைக் காக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு 111-ஆவது உடன்படிக்கை இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசியப் பூர்வீகம், சமூகப் பின்னணி என்று ஏழு அடையாளங்களைச் சொல்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் ஒன்பது: வயது, உடற்குறை, பால் மாற்றம், திருமணம் அல்லது குடிமை இணைவு (திருமணத்துக்கு இணையாகச் சட்டப்படி பதிவு செய்யும் உறவு), கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலியல் நாட்டம். இந்திய அரசமைப்புச் சட்டம் சாதியை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அரசு வேலையில் சமவாய்ப்பைப் பேசும் 16-ஆவது பிரிவு தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தனியாருக்குத் தனித்தனிச் சட்டங்கள்தான், அவற்றுக்கிடையே பெரிய ஓட்டைகளும் உண்டு. அமெரிக்காவில் சாதியைத் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் முதலில் சேர்த்த நகரம் சியாட்டில், அதுவும் 2023-இல்தான். ஆகவே "பட்டியலில் இல்லை, அதனால் தப்பில்லை" என்று வாதாடுபவரை நான் பெரிதாக மதிப்பதில்லை. பட்டியல்கள் எப்போதும் வாழ்க்கைக்குப் பின்னால்தான் வருகின்றன.

பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. அந்த அடையாளம் பாதிக்கப்படுபவருக்கே இருக்க வேண்டும் என்பதில்லை. லண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் செயலராக இருந்த பெண்ணுக்கு உடற்குறையுள்ள மகன். மற்றப் பெற்றோர்களுக்குக் கிடைத்த நேரச் சலுகை தனக்குக் கிடைக்கவில்லை, மகனைக் கவனிக்க நேரம் கேட்டால் சோம்பேறி என்கிறார்கள் என்று வழக்குப் போட்டார். மகனின் உடற்குறைக்காகத் தாயை மோசமாக நடத்தினால் அதுவும் நேரடிப் பாகுபாடே என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

அதே சமயம், மேலாளர் செய்கிற எல்லாமே பாகுபாடு ஆகிவிடாது. வேலை சரியில்லை என்று சொல்வது, பதவி உயர்வு மறுப்பது, கண்டிப்பாக இருப்பது இவையெல்லாம் மேலாளரின் வேலைதான். எல்லோரிடமும் சிடுசிடுக்கிற மேலாளர் மோசமான மேலாளராக இருக்கலாம், அதனாலேயே பாகுபாடு காட்டுபவர் ஆகமாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி: இதே நிலையில், இதே தவறைச் செய்த இன்னொருவருக்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கிண்டல், கேலி, சீண்டல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பது இங்கே நிரந்தரமான பதில். ஒருவருடைய உச்சரிப்பைப் போலச் செய்து காட்டுவது, சாப்பாட்டைப் பற்றி முகம் சுளிப்பது, வயதைச் சொல்லிச் சிரிப்பது. சொன்னவர் மறந்துவிடுவார், கேட்டவர் மறக்கமாட்டார். பல நாட்டுச் சட்டங்கள் சொன்னவரின் நோக்கத்தோடு, கேட்டவருக்கு அங்கே எப்படிப்பட்ட சூழல் உருவானது என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. 2019-இல் வந்து 2021-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை இந்த வேலியை இன்னும் அகலமாக்கியது. வேலை தேடி வருபவர், பயிற்சியில் இருப்பவர், வேலை தொடர்பான பயணம், வாட்ஸ்அப் போன்ற தொடர்புகள் எல்லாம் அதற்குள் வரும். அலுவலகக் குழுவில் நள்ளிரவில் போட்ட படத்தை "சொந்த நேரத்தில் போட்டது" என்று சொல்லித் தப்புவது இனி அவ்வளவு சுலபமில்லை.

அடுத்தது பன்மைத்துவம். இதில் எனக்குச் சில கசப்பான கருத்துகள் உண்டு. பன்மைத்துவம் என்பது எளிய விஷயம்: பல பின்னணிகளிலிருந்து வந்தவர்கள் வேலையில் இருப்பதும், இருப்பது மட்டுமல்லாமல் அவர்கள் பேச்சு எடுபடுவதும். ஆனால் நிறுவனங்கள் இதை விற்பனைப் பொருளாக்கிவிட்டன. பன்மைத்துவம் இருந்தால் லாபம் கூடும் என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015 முதல் வெளியிட்ட அறிக்கைகளை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் தரவை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை என்று 2024-இல் எழுதினார்கள். எனக்கு இது பெரிய அதிர்ச்சியில்லை. ஒருவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுப்பதற்கு அவரால் லாபம் வருகிறதா என்ற கணக்கை ஏன் பார்க்க வேண்டும்? லாபம் வராவிட்டால் பழையபடி ஒதுக்கலாமா?

நீங்கள் போய் வந்த மாதிரிக் கட்டாயப் பயிற்சிகளைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா கலெவும் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளைப் பார்த்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்து, மேலாளர் பதவிகளில் வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், ஹிஸ்பானியர்கள் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) யாருடைய பங்கும் கூடவில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்தே போனது. பிடித்து உட்கார வைத்து "நீ தப்பானவன்" என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அதே ஆய்வில் பலன் தந்தவை வேறு: வழிகாட்டித் திட்டங்கள், புதிய இடங்களில் போய் ஆள் தேடுவது, எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் குழு ஒன்றை உள்ளேயே வைப்பது. மேலாளர்களைக் குற்றவாளியாக்காமல் பிரச்சினையைத் தீர்ப்பவர்களாக்கிய வழிகள் இவை.

குறுக்கு வழிகளும் எப்போதும் கைகொடுப்பதில்லை. விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பார்கள். ஆஸ்திரேலிய அரசு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வைத்து 2017-இல் இதைச் சோதித்தபோது, பெயர் தெரிந்தால் அவர்கள் பெண்களையும் சிறுபான்மையினரையும் சற்றுக் கூடுதலாகவே தேர்ந்தெடுத்தார்கள், பெயரை மறைத்ததும் அந்த ஆதரவு போய்விட்டது. முன்பு சொன்ன பாஸ்டன் சோதனையில் பெயரை மறைத்திருந்தால் பலன் வேறு மாதிரி வந்திருக்கும். உங்கள் இடத்தில் சாய்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் மருந்து எழுதக் கூடாது. கணினியிடம் விட்டுவிடலாம் என்பதும் இப்படித்தான். அமேசான் நிறுவனம் பத்து ஆண்டு விண்ணப்பங்களைக் கொடுத்து ஒரு தேர்வு மென்பொருளைப் பழக்கியது. அந்தப் பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருளும் அதையே பாடமாக எடுத்துக்கொண்டு, "பெண்கள் சதுரங்கக் கழகம்" போன்ற சொற்கள் இருந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி மூலம் வெளியே தெரிந்தது.

நேர்காணலில் "நம்ம கலாச்சாரத்துக்குப் பொருந்துவாரா" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நீங்கள் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பொருந்துவது என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நம்மைப் போலப் பேசுகிறவர், நம் கல்லூரியில் படித்தவர், நாம் சிரிக்கிற ஜோக்குக்குச் சிரிக்கிறவர். இதற்குப் பதிலாக, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து பேசுங்கள். சலிப்பான முறைதான். ஆனால் நேர்காணல் என்ற பெயரில் நடக்கிற அரட்டையைவிட இது வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது.

ஆள் எடுத்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. சம்பளத்தில் முக்கியமான பிரச்சினை ரகசியம். அமெரிக்காவின் அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்த லில்லி லெட்பெட்டர், தன்னைப் போன்ற வேலையில் இருந்த ஆண்களைவிடத் தனக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பதை யாரோ பெயரில்லாமல் வைத்த ஒரு சீட்டின் மூலம்தான் தெரிந்துகொண்டார். அவருக்கு மாதம் 3,727 டாலர். அந்த நிலையில் மிகக் குறைவாக வாங்கிய ஆணுக்கு 4,286 டாலர். 2007-இல் உச்ச நீதிமன்றம், சம்பளம் முடிவான 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் செய்வது? 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து அதைச் சரிசெய்தது. 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சம ஊதியம் தருவதை நிரூபித்துச் சான்று வாங்க வேண்டும் என்ற விதியை ஐஸ்லாந்து 2018-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியோ, விண்ணப்பதாரரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்கிறது. அந்தக் கேள்வியை நம்மில் பலர் யோசிக்காமலே கேட்கிறோம். பழைய நிறுவனம் செய்த அநியாயத்தின் மேல் நாம் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தாராளமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

வேலைப் பங்கீட்டையும் பாருங்கள். மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதுவது, பிறந்தநாளுக்கு கேக் ஏற்பாடு, புதிதாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவது. யாராவது செய்தாக வேண்டிய, ஆனால் பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள். லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். பெண்கள் மட்டுமே அல்லது ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களில் அந்த வேறுபாடு காணவில்லை. பெண்களுக்கு இந்த வேலைகள் பிடிக்கும் என்பதல்ல காரணம். அவர்கள் செய்துவிடுவார்கள் என்று அறையில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவர்கள் உட்பட. "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்காமல் முறை வைத்துக் கொடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

கடைசியாக, குழுவில் ஒருவர் வந்து "என்னை ஒதுக்குகிறீர்கள்" என்று சொன்னால்?

முதலில், "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் உங்கள் குணத்தைப் பற்றிப் பேச வரவில்லை, தனக்கு நடந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் பேச்சை உங்கள் பக்கம் திருப்பிவிடும், அப்புறம் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். எந்த வாய்ப்பு, எப்போது, யாருக்குப் போனது என்று கேளுங்கள். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போய்ப் பாருங்கள்: கடந்த ஓராண்டில் முக்கியமான வேலைகள் யார் யாருக்குப் போயின, ஏன்? காரணம் எங்காவது எழுதியிருக்கிறதா, இல்லை "அந்த நேரத்தில் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்" என்பதுதானா? ஞாபகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் நம்மோடு டீ குடிக்க வருகிறவராக இருப்பார். குறிப்பிட்ட நாளுக்குள் அவரிடம் திரும்பப் போய், பார்த்ததைச் சொல்லுங்கள். அவர் சொன்னது சரியில்லை என்று தெரிந்தாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

அவர் சொன்னது சீண்டலோ பாலியல் தொந்தரவோ என்றால் இந்த வழி பொருந்தாது. நீங்களே விசாரித்து முடித்து வைக்க முயலாதீர்கள், சமரசம் பேசவும் போகாதீர்கள். இந்தியாவில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மற்ற நாடுகளிலும் கெடு உண்டு. அமெரிக்காவில் சமவாய்ப்பு ஆணையத்திடம் போக இடத்தைப் பொறுத்து 180 அல்லது 300 நாள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று நீங்கள் நல்லெண்ணத்தில் தரும் யோசனை அவருடைய கெடுவைத் தின்றுவிடும்.

இன்னொன்று, இதில்தான் நல்ல மேலாளர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்: பழிவாங்கல். அமெரிக்காவில் அந்த ஆணையத்துக்கு வரும் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது இனமோ பாலோ அல்ல, புகார் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டேன் என்பதுதான். முதல் புகார் நிற்காமல் போனாலும், பழிவாங்கினார்கள் என்ற இரண்டாவது புகார் தனியாக நிற்கும். இதற்குப் பணி நீக்கம் செய்ய வேண்டியதில்லை. புகார் சொன்னவரிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வது, எதற்கு வம்பு என்று மீட்டிங்குக்குக் கூப்பிடாமல் விடுவது, அடுத்த மதிப்பீட்டில் "குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று எழுதுவது, இவையெல்லாம் அதில் சேரும். மனசு புண்பட்டிருக்கும்போது இவை தானாகவே நடக்கும். அதனால் புகார் வந்த நாளிலிருந்து அவருடைய வேலை, விடுப்பு, மதிப்பீடு பற்றிய எந்த முடிவையும் தனியாக எடுக்காமல், இந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத இன்னொரு மேலாளரையோ எச்.ஆர். ஆளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள், காரணத்தை அன்றைக்கே எழுதி வையுங்கள்.